வீட்டுக் கணக்கு: மூணு ரூம், ஒரு டூர்!

2024 மே 10-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. முதல் நாள்தான் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. சொட்டு மருந்து போட்டுவிட்டு, அவருக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மேடம், கொடைக்கானல் காட்டேஜ்லேர்ந்து பேசறேன். எதுவரைக்கும் வந்திருக்கீங்க? இ-பாஸ் எடுத்துட்டீங்கல்ல? மேல பனி இறங்கிருச்சு, மெதுவாவே வாங்க. எட்டு பேருக்குச் சப்பாத்தி, குருமா சொல்லி வெச்சிருக்கேன். ஆறிடும்னுதான் கூப்பிட்டேன்."

கையில் சாதத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் இருந்தது சென்னையில், மடிப்பாக்கத்தில். கொடைக்கானலில் ரூம் சொல்லி வைத்தோம் என்பதே அந்த நிமிஷம் வரை எனக்கு ஞாபகத்தில் இல்லை.

இந்தப் பகுதியில் மளிகை, கேஸ், சீட்டு, நகைக்கடன் என்று எல்லாக் கணக்கும் பேசியிருக்கிறோம். இந்த வாரம் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். கோடை விடுமுறைக்கு ரூம் தேட ஆரம்பித்திருக்கும் தோழிகளுக்கு உதவும்.

எப்படி மூணு ஆச்சு?

ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டு நிலவரம் இதுதான். பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் லீவு "பார்க்கலாம்". மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் சர்க்கரை குறைந்தால்தான் தேதி சொல்வேன் என்கிறார் டாக்டர். திருச்சியிலிருந்து நாத்தனார் குடும்பமும் வருகிறேன் என்கிறது. மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மே 9-ஆம் தேதி ராத்திரிக்கு டிக்கெட் போட்டால் வெயிட்டிங் லிஸ்ட்.

எதுவும் நிச்சயமில்லை. ஆனால் மே மாதம் மலைக்குப் போக வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே ரூம் பிடித்தாக வேண்டும். மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் போய் இறங்கி ரூம் தேடியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

அதனால் நான் ரொம்ப சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தேன். ரயில் டிக்கெட் உறுதியானால் போக, ஊட்டியில் ஒரு ஓட்டலில் மே 10 முதல் 13 வரை ஆப் மூலம் ரூம் போட்டேன். உறுதியாகாவிட்டால் பஸ்ஸில் திருச்சி போய், நாத்தனார் வீட்டு வண்டியோடு இன்னொரு வண்டியும் பிடித்துக் கொடைக்கானல் போய்விடலாம் என்று அதே 10 முதல் 13 வரை அங்கே ஒரு காட்டேஜில் இரண்டு ரூம். ஆபரேஷன் தேதி நடுவில் வந்துவிட்டால் மொத்தத்தையும் தள்ளிப்போட, மே 24 முதல் 27 வரை மறுபடியும் ஊட்டியில் ரூம்.

கொடைக்கானல் காட்டேஜ் மட்டும் ஆப்பில் இல்லை. தெரிந்தவர் கொடுத்த நம்பரில் போன் பண்ணிப் பேசினேன். மொத்தமே நாலு ரூம். "அட்வான்ஸ் எல்லாம் வேண்டாம் மேடம், நீங்க சொன்னாப் போதும்" என்றார் அந்த ஓனர். எவ்வளவு நல்ல மனுஷர் என்று சந்தோஷப்பட்டேன்.

மே 6-ஆம் தேதி டாக்டர் போன் பண்ணி, "சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கு, 9-ஆம் தேதி பண்ணிடலாம்" என்றார். உடனே ஆப்பைத் திறந்து முதல் ஊட்டி ரூமை ரத்து செய்தேன். ரயில் டிக்கெட்டையும் ரத்து செய்தேன். நாத்தனாருக்குச் சொன்னேன். 24-ஆம் தேதி ரூம் அப்படியே இருக்கட்டும் என்று நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைத்தேன்.

ஆப்பில் இருந்தது கண்ணில் பட்டது. வாய்வார்த்தையில் இருந்தது மறந்தே போயிற்று.

இப்படி இரண்டு மூன்று போடுவது தப்பா?

தப்பில்லை என்பதுதான் என் கருத்து, இன்றைக்கும். வயதானவர்களும் படிக்கிற பிள்ளைகளும் உள்ள வீட்டில் இரண்டு மாதம் முன்னாடியே எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ரயிலில்கூட முன்பு 120 நாள் முன்னால் டிக்கெட் போடலாம் என்றிருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. அதற்கும் முன்னாலேயே ரூம் பிடிப்பவர்கள் டிக்கெட் கிடைக்குமா என்று தெரியாமலேதான் பிடிக்கிறார்கள்.

"இந்தத் தேதிவரை இலவசமாக ரத்து செய்யலாம்" என்று ஓட்டல்காரர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த உரிமைக்கு விலையும் வைத்திருக்கிறார்கள். ஒரே ரூமுக்கு இரண்டு விலை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்து செய்தால் பணம் வராது என்றால் ஒரு விலை, வரும் என்றால் கொஞ்சம் கூடுதல்.

ஒரு கணக்கு பார்ப்போம். பணம் திரும்பாத ரூம் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய், திரும்பும் ரூம் 3,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு 9,000, 10,200. வித்தியாசம் 1,200 ரூபாய். போவது நிச்சயம் என்றால் அந்த 1,200 வீண். ஆனால் நீங்கள் போடும் எட்டு டூரில் ஒன்றாவது ரத்தாகும் வீடு உங்களுடையது என்றால் கூடுதல் விலை கொடுப்பதுதான் லாபம். எங்கள் வீட்டில் மூன்றில் ஒன்று ரத்தாகும். அதனால் நான் யோசிப்பதே இல்லை, பணம் திரும்பும் ரூம்தான்.

ஆகவே இரண்டு இடத்தில் போட்டு வைப்பதில் பிரச்னை இல்லை. போட்டு வைத்ததை எப்போது விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கெடு முதலில், சார்ட் பிறகு

இங்கேதான் நிறைய பேருக்குப் பணம் போகிறது. என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி ரூமை இலவசமாக ரத்து செய்ய மே 7 வரைதான் கெடு. ரயில் கிளம்புவது மே 9 ராத்திரி. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் உறுதியாயிற்றா இல்லையா என்பது கிளம்புகிற அன்று சார்ட் போட்ட பிறகுதான் கடைசியாகத் தெரியும். அதாவது ஓட்டல் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து! நீங்கள் ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட்டுக்குப் பிறகும் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகி, சின்னக் கழிவு போகப் பணம் வந்துவிடும். ஓட்டல் பணம் அப்படி வராது.

அதனால் ரூம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு எது தெரிய வேண்டியிருக்கிறது? லீவா, டிக்கெட்டா, ஆபரேஷன் தேதியா? அது என்றைக்குத் தெரியும்? ரூமின் கெடு அதற்குப் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா? முன்னால் இருந்தால் அந்த "இலவச ரத்து" உங்களுக்கு உதவாது. சீசனில் இந்தக் கெடு இன்னும் முன்னால் போகும். சாதாரண நாளில் ஒரு நாள், இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும் என்கிற ஓட்டலே மே மாதத்தில் ஒரு வாரம், பத்து நாள் முன்பு சொல்லச் சொல்லும்.

மலைக்குச் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரூம் கையில் இருந்தும் பாஸ் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? இந்த வருஷ நிலவரத்தைப் பார்த்துவிட்டு, ரூமின் கெடு முடிவதற்குள் பாஸ் எடுத்துவிடுங்கள்.

கெடுவில் தேதி மட்டும் பார்த்தால் போதாது, மணியும் பார்க்க வேண்டும். என் தங்கை சிங்கப்பூர் போகத் திட்டமிட்டு இரண்டு ஓட்டலில் ரூம் போட்டிருந்தாள். ஒன்றை ரத்து செய்யக் கடைசி நாள் ராத்திரி பத்தரை மணிக்கு உட்கார்ந்தாள். "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கே அக்கா" என்றாள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மறுநாள் ஒரு மணி ஆகிவிட்டது. கெடு அந்த ஊர் நேரப்படிதான். ஒரு நாள் வாடகை போயிற்று.

முடங்கும் பணம்

பணம் திரும்பும் என்பதற்காக மூன்று இடத்திலும் முழுப் பணம் கட்டிவிட்டால், 30,000 ரூபாய் மாதக் கணக்கில் முடங்கிக் கிடக்கும். ரத்து செய்தாலும் அன்றே கைக்கு வராது, சில நாள் ஆகும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பணம் திரும்புவதற்குள் பில் தேதி வந்துவிடலாம். "அதுதான் ரிட்டர்ன் வரப்போகுதே" என்று குறைத்துக் கட்டாதீர்கள். பில்லில் இருப்பதைக் கட்டிவிடுங்கள். வருவது அடுத்த மாதக் கணக்கில் வரவாகட்டும்.

முடிந்தவரை "ஓட்டலுக்கு வந்து பணம் கட்டலாம்" என்ற வகையில் போடுங்கள். அதிலும் கார்டு நம்பர் வாங்கி வைத்திருந்தால் கவனம் தேவை. சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் ஒரு நாள் வாடகையையோ முழு வாடகையையோ அந்தக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ள அவர்கள் விதியில் இடம் இருக்கும்.

இன்னொன்று, ரூம் போடும் பொறுப்பு ஒருவருக்குத்தான். "நான் போட்டுட்டேன்னு நீங்க சொல்லலையே அண்ணி!" என்று நாத்தனாரும் நானும் ஒரு தடவை ஒரே ஊரில் ஒரே நாளுக்கு எட்டு பேருக்கு இரண்டு இடத்தில் ரூம் போட்டு வைத்திருந்தோம். திட்டமிட்டுப் போடும் இரட்டை ரூமைவிட, பேசிக்கொள்ளாமல் போடும் இரட்டை ரூம்தான் குடும்பங்களில் அதிகம்.

அந்தப் பக்கத்துக் கணக்கு

இதுவரை சொன்னது நம் பக்கம். கொடைக்கானல் போன் வரும்வரை நானும் இந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

பூக்காரம்மாவிடம் சாயங்காலம் விற்காத மல்லிகை மறுநாள் காலை என்ன ஆகும்? வாடி, குப்பைக்குப் போகும். ஓட்டல் ரூமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி காலியாகக் கிடந்த ரூமைச் சனிக்கிழமை விற்க முடியாது. சனிக்கிழமைக்கு விற்பது வேறு ராத்திரி. போன ராத்திரி போனதுதான்.

பெரிய ஓட்டல்களுக்கு இது தெரியும். நூறு ரூமில் சில பேர் வரமாட்டார்கள் என்று அனுபவத்தில் கணக்குப் போட்டு, இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பதிவு எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் வந்து நின்றுவிட்டால் கடைசியில் வருகிறவரைப் பக்கத்து ஓட்டலுக்கு அனுப்புவார்கள். ரிசப்ஷனில் "சாரி சார், உங்களுக்கு வேற இடத்துல ரூம் அரேஞ்ச் பண்ணித் தர்றோம்" என்று கேட்டவர்கள் இருப்பீர்கள். ஓட்டலுக்கு ஓட்டல் காரணம் மாறும். ஆனால் நாம் போட்டு விடாமல் வைத்திருக்கும் ரூம்களும் அதில் ஒரு காரணம்.

நாலு ரூம் வைத்திருப்பவர் அந்தக் கணக்குப் போட முடியாது. ஐந்தாவது ஆளுக்குச் சொல்லி, ஐந்து பேரும் வந்துவிட்டால் அவருக்கு எந்தப் பக்கத்து ஓட்டல்? அவர் நம்புவது நம் வார்த்தையை மட்டும்தான்.

அன்றைக்கு நான், "மன்னிச்சுக்கோங்க, மாமியாருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, சொல்ல மறந்துட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு முதலில் அவர் கேட்டது, "அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?" என்றுதான். அதற்கப்புறம் சொன்னார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மதுரையிலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு மேடம். கைக்குழந்தை வேற. ரெண்டு ரூம் இருக்கான்னு கேட்டாங்க. நீங்க வர்றீங்கன்னு இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். இருட்டுற நேரத்துல எங்க போய்த் தேடினாங்களோ."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நாளைக்கும் மறுநாளும் சனி, ஞாயிறு, எப்படியும் ஆள் வந்துவிடுவார்கள், இன்றைய ராத்திரிதான் போயிற்று என்றார். இரண்டு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 5,000 ரூபாயும், சாப்பாட்டுக்குக் கொஞ்சமும் சேர்த்து அப்போதே போனில் அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்வார் என்று மனதின் ஓரத்தில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். சீசனில் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். "தேங்க்ஸ் மேடம். ஆனா நேத்தே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா இந்தப் பணமே வேண்டியிருந்திருக்காது" என்றார்.

எட்டு பேர் சப்பாத்தியை என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் இந்த வலி தெரிந்திருக்கும். முகூர்த்த நாளில் "குடும்பத்தோட வர்றோம், ராத்திரி தங்கறோம்" என்று சொன்ன சொந்தக்காரர்களுக்காக லாட்ஜில் பத்து ரூம் பிடித்து வைப்பார்கள். ஆறு ரூம் பூட்டியே கிடக்கும். வாடகை மட்டும் பத்துக்கும் பெண் வீட்டார் கணக்கில்.

இப்போது நான் செய்வது

சமையலறைக் காலண்டர்தான் எனக்கு ஆப். ரூம் போட்ட அன்றே, ரத்து செய்யும் கெடு எந்தத் தேதியோ அதற்கு முந்தின நாள் கட்டத்தில் ஊர் பெயரைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுகிறேன். தங்கும் தேதியை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அது மறக்காது. மறப்பது விடும் தேதிதான்.

வாயால் சொன்ன ரூமைக் கட்டாயம் எழுதுகிறேன். ஆப்பில் போட்டதற்கு மெயில் வரும், மெசேஜ் வரும். வாயால் சொன்னதற்கு நம் காலண்டரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஒரே தேதிக்கு இரண்டுக்கு மேல் போடுவதில்லை. மூன்றாவது போட்டால் எது எங்கே என்று நமக்கே தெரியாது.

சின்ன இடங்களில் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "ஆபரேஷன் தேதி வரணும், முடிவாகலை. இந்தத் தேதிக்குள்ள சொல்லிடறேன். நடுவுல வேற யாராவது உறுதியாக் கேட்டா எனக்கு ஒரு போன் பண்ணிட்டுக் கொடுத்துடுங்க." இப்படிச் சொன்னதற்கு இதுவரை ஒருவரும் கோபப்பட்டதில்லை. இரண்டு பேர் "பரவாயில்லம்மா, கேட்டுட்டே கொடுக்கறேன்" என்றார்கள். ஒருவர் அட்வான்ஸ் கேட்டார். கொடுத்தேன். அதுவும் நியாயம்தானே.

கடைசியாக, முடிவு தெரிந்த அன்றைக்கே மற்றதை விட்டுவிடுகிறேன். கெடு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பதில்லை. நமக்கு அந்த ஐந்து நாளால் ஒரு பைசா லாபம் இல்லை. கைக்குழந்தையோடு ரூம் தேடும் யாரோ ஒருவருக்கு அதுதான் ரூம்.

மே 24-ஆம் தேதி ஊட்டிக்குப் போனோம். மாமியார் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடவே வந்தார். ஓட்டலில் சாவி வாங்கும்போது ரிசப்ஷன் பையன், "புக்கிங் இருக்கு மேடம், உங்க ரூம் ரெடி" என்றான். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. அன்றைக்குத்தான், எனக்காக யாரையோ இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்களோ என்று தோன்றியது.

இந்தக் கோடைக்கு நீங்கள் எத்தனை ரூம் போட்டிருக்கிறீர்கள் தோழிகளே? இதைப் படித்து முடித்ததும் போனை எடுத்து ஒரு தடவை பாருங்கள். போகாத ரூம் ஏதாவது இருந்தால், அடுத்த வேலைக்குப் போகும் முன் விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம், பள்ளி திறக்கும் முன் போட வேண்டிய நோட்டுப் புத்தகக் கணக்கோடு சந்திப்போம்.